கண்ணாடியில் வீனஸ் யாரைப் பார்க்கிறாள்?

பதினேழாம் நூற்றாண்டு ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த 'கண்ணாடி முன் வீனஸ்' ஓவியத்தைப் பற்றி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் பெண்ணின் முகம் எதிரே உள்ள கண்ணாடியில் தெரிகிறது. அந்தக் கோணத்தில் அவளுக்குத் தன் முகம் தெரியுமா? கண்ணாடி முகம் மங்கலாகவும் பெரிதாகவும் இருக்கிறது. இவ்வளவு பெரிய ஓவியர் இதில் தவறிவிட்டாரா? அடுத்த மாதம் லண்டன் போகிறேன், நேரில் எதைக் கவனிக்க வேண்டும்?" கோணக் கணக்கைப் பற்றிய கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் படத்தில் யார் யாரைப் பார்க்கிறார்கள், அதை ஓவியர் தெரிந்தே செய்தாரா என்பதைத்தான் அவர் உண்மையில் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகளாக ஓவிய மாணவர்களுக்கு உருவம் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். கண்ணாடியும் பிம்பமும் பாடமாக வரும்போதெல்லாம் இந்தப் படம் வகுப்புக்கு வந்துவிடும். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள எண்ணெய் வண்ண ஓவியம் இது. உயரம் சுமார் 122 சென்டிமீட்டர், அகலம் 177. வரைந்த காலம் 1647க்கும் 1651க்கும் இடையில் என்று காட்சியகம் குறிக்கிறது. சாம்பல் நிறப் பட்டுத்துணி மேல் ஓர் இளம்பெண் நமக்கு முதுகு காட்டிப் படுத்திருக்கிறாள், வலக்கை தலையைத் தாங்குகிறது. அவளுக்கு எதிரே சிறகு முளைத்த ஒரு பையன், காதல் தெய்வமான வீனஸின் மகன் க்யூபிட், கருத்த சட்டம் போட்ட சிறிய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருக்கிறான். அவன் கையில் இளஞ்சிவப்பு ரிப்பன்கள் சுற்றிக் கிடக்கின்றன. பின்னால் சிவப்புத் திரை. அவ்வளவுதான் படம். சீப்பு இல்லை, வாசனைத் தைலம் இல்லை, நகை இல்லை.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இல்லை, அந்தக் கண்ணாடியின் நடுவில் அவளுக்குத் தன் முகம் தெரியாது. அங்கே அவளுக்குத் தெரிவது நாம்தான். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, வெறும் ஒளியியல். ஒளி போன பாதையிலேயே திரும்பியும் வரும். கண்ணாடியில் ஓர் இடத்தில் உங்களுக்கு இன்னொருவரின் கண்கள் தெரிந்தால், அதே இடத்தைப் பார்க்கும் அவருக்கு உங்கள் கண்கள்தான் தெரியும். காரின் பின்புறம் பார்க்கும் கண்ணாடியில் டிரைவரின் கண்கள் உங்களுக்குத் தெரிந்தால் அவருக்கும் உங்களைத் தெரிகிறது என்று பொருள். கண்ணாடி பெரிதாக இருந்தால் அவள் அதன் வேறொரு மூலையில் தன்னையும் பார்த்துக்கொள்ள முடியும். ஆனால் இது சிறிய கண்ணாடி, முகம் அதன் நடுப்பகுதியை நிறைத்திருக்கிறது. ஆகவே அவள் பார்வை நடுவில் பதிந்திருந்தால், படத்துக்கு முன்னால் நிற்கும் ஆளைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதலில் அங்கே நின்றவர் வெலாஸ்கெஸ். அடுத்த மாதம் நிற்கப்போவது நீங்கள்.

இது தெரிந்த பிறகும் படத்தைப் பார்த்தால் "தன் அழகைத் தானே பார்த்துக்கொள்கிறாள்" என்றுதான் மனசு சொல்லும். பார்வை உளவியலில் இதற்கு 'வீனஸ் விளைவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மார்க்கோ பெர்ட்டமினி என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2003இல் வெளியிட்ட கட்டுரையில் வந்த பெயர் அது. ஒரு ஆள், ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் அந்த ஆளின் முகம், இந்த மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் பார்த்தால், நமக்குத் தெரிவதுதான் அந்த ஆளுக்கும் தெரிகிறது என்று நினைத்துவிடுகிறோம். நாம் நிற்கும் இடம் வேறு, அவர் இருக்கும் இடம் வேறு என்பது கணக்கில் வருவதே இல்லை. சினிமாவில் நடிகை மேக்கப் போடும் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். கேமராவுக்கு அவர் முகம் நேராகத் தெரிகிறது என்றால், அவருக்கு முன்னால் உள்ள கண்ணாடியில் அவருக்குத் தெரிவது பெரும்பாலும் கேமராதான். யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை.

இன்னொரு சுவாரசியம் உண்டு. இந்த ஓவியத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய பதிவு ஒரு சொத்துப் பட்டியல். ஸ்பெயின் அரசரின் முதலமைச்சராக இருந்த லூயிஸ் தெ ஹாரோவின் மகன் காஸ்பர் தெ ஹாரோவின் உடைமைகளை எழுதிய பட்டியல் அது, 1651 என்று தேதியிடப்பட்டது. அதில் எழுத்தர் படத்தைச் சுருக்கமாக விவரிக்கிறார்: துணி மேல் படுத்த ஓர் ஆடையற்ற பெண், பின்புறமாக வரையப்பட்டவள், வலக்கையில் சாய்ந்து, ஒரு குழந்தை பிடித்திருக்கும் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்கிறாள், வெலாஸ்கெஸின் கைவேலை. பாருங்கள், வீனஸ் விளைவுக்குப் பெயர் வருவதற்கு மூன்றரை நூற்றாண்டு முன்பே அந்த எழுத்தரும் அதில் விழுந்திருக்கிறார்! வீனஸ் என்றோ க்யூபிட் என்றோ அவர் எழுதவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள், அதற்கு மறுபடி வருகிறேன்.

சரி, அளவு? உங்கள் கண் பொய் சொல்லவில்லை. கண்ணாடியில் உள்ள முகம் அங்கே இருக்க வேண்டியதைவிடப் பெரிதுதான். ஒரு கணக்குப் போடலாம். அவள் தலை நம்மிடமிருந்து மூன்று மீட்டர் தொலைவில் இருக்கிறது, தலைக்கும் கண்ணாடிக்கும் ஒரு மீட்டர், கண்ணாடிக்கும் நமக்கும் மூன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிம்பம் நமக்கு நாலரை மீட்டர் தொலைவில் உள்ள முகத்தின் அளவில்தான் தெரியும். அதாவது நேரில் தெரியும் தலையில் மூன்றில் இரண்டு பங்கு. படத்திலோ இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கின்றன. இந்தச் சுருக்கத்தை நம்பாத மாணவர்களை நான் குளியலறைக்குத்தான் அனுப்புவேன். கண்ணாடி முன் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் முகத்தின் ஓரத்தைச் சோப்பால் கண்ணாடி மேலேயே வரையுங்கள். பிறகு ஸ்கேல் வைத்து அளங்கள். உங்கள் முகத்தில் சரிபாதி அளவுதான் இருக்கும். பின்னால் நகர்ந்து வரைந்தாலும் அதே பாதிதான். தினமும் பார்க்கும் பிம்பம் இவ்வளவு சின்னது என்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இதை வெலாஸ்கெஸ் கவனிக்காமல் விட்டாரா? அவர் கைப்பட எழுதி வைத்த விளக்கம் எதுவும் இல்லை, எனவே இங்கிருந்து நான் சொல்வது ஊகம்தான். ஆனால் பலமான ஊகம். சில ஆண்டுகள் கழித்து 1656இல் அவர் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தில் பின்சுவரில் ஒரு கண்ணாடி வருகிறது, அதில் அரசரும் அரசியும் தெரிகிறார்கள். படத்துக்கு வெளியே நிற்பவர்களைக் கண்ணாடி வழியே உள்ளே கொண்டுவரும் வேலையை அவ்வளவு யோசித்துச் செய்தவருக்கு, பிம்பம் சிறுக்கும் என்பது தெரியாது என்று சொல்வது கஷ்டம். சரியான அளவில் வரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருமுறை நகல் எடுத்துச் செய்து பார்க்கலாம். முகம் சுருங்கிப் போய், முதுகின் அந்த நீண்ட வளைவுக்கு முன்னால் எடுபடாமல் நின்றுவிடும். படத்தில் உள்ள ஒரே முழு முகம் அது. க்யூபிட்டின் முகம்கூட நிழலில்தான் இருக்கிறது. கண் முதுகிலும் இடுப்பிலும் நகர்ந்து கடைசியில் போய் நிற்க வேண்டிய இடம் அது என்பதால் பெரிதாக்கியிருக்கிறார். ஓவியக் கணக்கு ஒளியியல் கணக்கை மீறியிருக்கிறது. என்னைக் கேட்டால் சரியான முடிவு.

மங்கலைப் பற்றிப் பல விளக்கங்கள் உலவுகின்றன. மாடலின் அடையாளத்தை மறைக்கத்தான் என்பார்கள் சிலர். எந்தப் பெண்ணாகவும் இருக்கலாம் என்று காட்டவே என்பார்கள் வேறு சிலர். அழகு நிலையற்றது என்ற எச்சரிக்கை என்போரும் உண்டு. ஐரோப்பிய ஓவியத்தில் கண்ணாடிக்கு அந்தப் பொருளும் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் இந்தப் படத்தைப் பொறுத்தவரை இந்த விளக்கங்கள் எதற்கும் சான்று இல்லை. அந்தக் காலத்துக் கண்ணாடிகள், கண்ணாடித் தகட்டின் பின்னால் வெள்ளீயமும் பாதரசமும் சேர்த்துப் பூசியவை, இன்றைய பளிச்சென்ற பிம்பத்தைக் கொடுத்திருக்காது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். வரைபவனாக எனக்குப் படுவது இது: கண்ணாடிக்குள் இருப்பது தூரத்தில் இருப்பது என்று கண்ணுக்கு உணர்த்த ஓர் ஓவியருக்கு இரண்டு வழி உண்டு, சிறிதாக்கலாம் அல்லது மழுக்கலாம். அளவில் விட்டுக்கொடுத்ததை வெலாஸ்கெஸ் மழுக்கலில் ஈடுகட்டியிருக்கிறார். தோலை அவ்வளவு மென்மையாக இழைத்தவர், முகத்தை மட்டும் சில அகலமான தூரிகைத் தடவல்களில் விட்டிருக்கிறார். இதனால் இன்னொன்றும் நடக்கிறது. அவள் நம்மைத்தான் பார்க்கிறாள் என்று ஒளியியல் சொன்னாலும், முகம் அதை உறுதிப்படுத்த மறுக்கிறது. பார்க்கிறாளா, ஏதோ யோசனையில் இருக்கிறாளா என்று தீர்மானிக்க முடியவில்லை.

வீனஸின் அலங்காரம் என்பது வெலாஸ்கெஸ் கண்டுபிடித்த பொருள் இல்லை. ஹோமரின் பெயரில் வழங்கும் கிரேக்கத் துதிப்பாடல் ஒன்றில், ஆங்கைசிஸ் என்ற மனிதனை மயக்கப் புறப்படும் முன் அஃப்ரோடிட்டி பாஃபோஸில் உள்ள தன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அங்கே தோழியர் அவளைக் குளிப்பாட்டி எண்ணெய் பூசிவிடுகிறார்கள். அஃப்ரோடிட்டியைத்தான் உரோமர்கள் வீனஸ் என்றார்கள். பரோக் காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டை ஒட்டிய கலைக்காலத்தில், குயிடோ ரெனி, அல்பானி, சிமோன் வூவே என்று பலர் இந்தக் காட்சியை வரைந்தார்கள். பெரும்பாலும் தோழியர், குட்டி க்யூபிட்கள், தைலக் குப்பிகள், பட்டுத் திரைகள் என்று கூட்டமாக இருக்கும். அவற்றைவிட நமக்கு முக்கியமான முன்னோடிகள் இரண்டு. ஒன்று, 1555 வாக்கில் டிஷியன் வரைந்தது, இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. அதில் வீனஸ் நமக்கு முன்பக்கம் காட்டி உட்கார்ந்திருக்கிறாள், ஒரு க்யூபிட் கண்ணாடி பிடிக்க, இன்னொன்று மலர்வளையம் சூட்டப் போகிறது. மற்றொன்று, 1614-15 வாக்கில் ரூபென்ஸ் வரைந்தது, லீக்டன்ஸ்டைன் இளவரசரின் சேகரிப்பில் உள்ளது. அதில் வீனஸ் முதுகு காட்டுகிறாள், பொன்னிறக் கூந்தலைக் கறுப்பினப் பணிப்பெண் ஒருத்தி பிடித்திருக்கிறாள், கண்ணாடிக்குள்ளிருந்து முகம் தெளிவாக, வெளிப்படையாக நம்மைப் பார்க்கிறது. ரூபென்ஸ் 1628-29இல் மாட்ரிட்டுக்கு வந்து சில மாதங்கள் தங்கினார், இளைஞரான வெலாஸ்கெஸுடன் பழகினார். அரண்மனையில் இருந்த டிஷியன் ஓவியங்களை நகலெடுத்தார். இவையெல்லாம் உறுதியான செய்திகள். வெலாஸ்கெஸ் எந்தப் படத்தை மனதில் வைத்துத் தொடங்கினார் என்பது அவ்வளவு உறுதி இல்லை.

படுத்திருக்கும் நிலைக்கு இன்னொரு மூலத்தைச் சொல்வார்கள். உரோமில் புகழ்பெற்றிருந்த, முதுகு காட்டிப் படுத்த பழங்காலத்து ஹெர்மஃப்ரோடிட்டஸ் (ஆண், பெண் இரண்டும் கலந்த உடல் கொண்ட புராணப் பாத்திரம்) சிலைக்கு வெலாஸ்கெஸ் வெண்கல வார்ப்பு ஒன்று செய்து வாங்கினார். அரசருக்காகக் கலைப்பொருள் சேகரிக்க 1649 முதல் 1651 வரை அவர் இத்தாலியில் இருந்தபோது நடந்தது அது. அந்த வார்ப்பை இன்றும் மாட்ரிட்டின் பிராடோ காட்சியகத்தில் பார்க்கலாம். ஆனால் சிலையைப் பார்த்துத்தான் படம் வரைந்தார் என்றால் படம் அந்தப் பயணத்தின்போதோ அதற்குப் பின்னோ வந்திருக்க வேண்டும். 1651ஆம் ஆண்டுப் பட்டியல் அந்த வாதத்துக்கு மிகக் குறுகிய இடமே விடுகிறது. இந்த முடிச்சை இன்னும் யாரும் அவிழ்த்தபாடில்லை.

இந்தப் படத்தில் அவள் தெய்வம்தானா என்று எழுத்தர் எழுதாமல் விட்டதைச் சொன்னேன் அல்லவா? சிறகு முளைத்த பையன் இருப்பதால் அது க்யூபிட், ஆகவே அவள் வீனஸ் என்று தயக்கமில்லாமல் சொல்லலாம். ஆனால் வெலாஸ்கெஸ் அந்தச் சிறகைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டிருக்கிறார். வில்லும் அம்பும் இல்லை, ரோஜா இல்லை, முத்து இல்லை. வழக்கமான பொன்னிறக் கூந்தலுக்குப் பதில் பழுப்புக் கூந்தல், சாதாரணமாக வாரிக் கட்டியது. ரிப்பன்களைக் காதலின் கட்டு என்று சிலர் வாசிக்கிறார்கள், கண்ணாடியை மாட்டுவதற்கான நாடா என்றும் வாசிக்கலாம். சிறகை ஒரு விரலால் மறைத்துப் பாருங்கள், ஒரு வீட்டில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் மட்டும் மிஞ்சுவார்கள். மற்றவர்கள் அலங்காரப் பொருள்களைக் குவித்துத் தெய்வத்தைக் காட்டிய இடத்தில் இவர் ஒரு கண்ணாடியை மட்டும் வைத்திருக்கிறார். பரோக் காலத்து வீனஸ்களில் இதற்கு நான் முதலிடம் கொடுப்பது இதனால்தான்.

அந்தக் கால ஸ்பெயினில் இப்படி ஒரு படம் வரைவது சின்ன விஷயம் இல்லை. மதவிசாரணை மன்றம் ஆபாசமான படங்களைக் கண்காணித்துவந்தது. வெலாஸ்கெஸின் ஆசானும் மாமனாருமான பிரான்சிஸ்கோ பச்சேகோவே செவில்லில் அந்த மன்றத்துக்காகப் படங்களைப் பரிசோதிப்பவராக இருந்தார். அதே நேரம் அரசர் நான்காம் பிலிப்பின் அரண்மனையில் டிஷியனும் ரூபென்ஸும் வரைந்த ஆடையற்ற உருவங்கள் நிறையவே இருந்தன, தனி அறைகளில். ஆக, தடை இருந்தது, அதிகாரம் உள்ளவர்களுக்கு விலக்கும் இருந்தது. வெலாஸ்கெஸ் வேறு சில ஆடையற்ற பெண்ணுருவங்களும் வரைந்ததாகப் பட்டியல்களில் இருக்கிறது, இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். ஹாரோதான் இதை வரையச் சொன்னார் என்று பல நூல்களில் படிப்பீர்கள். அது இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. டொமிங்கோ கெர்ரா கொரோனெல் என்ற மாட்ரிட் ஓவியரும் படவியாபாரியுமானவரிடம் இது முதலில் இருந்தது, அவர் இறந்த பிறகு 1652இல் ஹாரோவுக்கு விற்கப்பட்டது என்று பின்னால் கிடைத்த ஆவணங்கள் காட்டுகின்றன. 1651 என்று தேதியிட்ட ஹாரோ பட்டியலோடு இது மோதுகிறது என்பதும் உண்மை. மாடலாக இருந்தவள் உரோமில் வெலாஸ்கெஸுக்கு ஒரு மகனைப் பெற்றுத்தந்த பெண்தான் என்று இணையத்தில் உறுதியாக எழுதுகிறார்கள். மகன் பிறந்தது பதிவான செய்தி, அவள்தான் மாடல் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறமிகளின் வேதியியல் என் துறை இல்லை, இங்கே ஆய்வகங்கள் சொன்னதை நம்பித்தான் பேசுகிறேன். அவள் படுத்திருக்கும் சாம்பல் துணி முதலில் சாம்பலாக இல்லை, ஆழ்ந்த ஊதா கலந்த நிறமாக இருந்து வெளிறியது என்று கண்டிருக்கிறார்கள். சிவப்பு, வெள்ளை, சாம்பல் என்ற மூன்றே நிறங்களில் படம் முழுவதையும் நடத்திய அந்தச் சிக்கனத்தை நாங்கள் வகுப்பில் வியந்து பேசுவோம், அதில் ஒரு பங்கு காலம் செய்த வேலை. அகச்சிவப்புப் படத்தில் அவள் முதலில் இன்னும் சற்று நிமிர்ந்து, தலை இடப்பக்கம் திரும்பி இருந்ததும் தெரிகிறது. அதாவது கண்ணாடிக்கும் தலைக்கும் உள்ள உறவை ஓவியர் வரைந்துகொண்டிருக்கும்போதே மாற்றி யோசித்திருக்கிறார். இது தவறல்ல, தேர்வு என்று நான் சொல்வதற்கு இதையும் ஒரு துணைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

படம் இங்கிலாந்துக்குப் போன கதை நீளமானது, சுருக்கிவிடுகிறேன். ஹாரோ குடும்பத்திலிருந்து ஆல்பா குடும்பத்துக்கு, அங்கிருந்து 1802க்குப் பின் அமைச்சர் கொடோயிடம், பிறகு நெப்போலியன் போர்க்காலத்தில் இங்கிலாந்துக்கு. அங்கே மோரிட் என்பவர் 500 பவுண்டுக்கு வாங்கி யார்க்‌ஷரில் ரோக்பி பார்க் என்ற தன் மாளிகையில் மாட்டினார். 'ரோக்பி வீனஸ்' என்ற பெயர் அதனால் வந்தது. கணப்பு அடுப்புக்கு மேலே உயரமாக மாட்டியதைப் பற்றி அவர் தன் நண்பரான நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது: பெண்கள் சங்கடமில்லாமல் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளலாம், ரசிகர்கள் யாருக்கும் தெரியாமல் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம் என்று. 1906இல் தேசியக் கலைச் சேகரிப்பு நிதியம் 45,000 பவுண்டு கொடுத்து வாங்கி நேஷனல் கேலரிக்குக் கொடுத்தது.

1914 மார்ச் 10 அன்று பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய மேரி ரிச்சர்ட்சன் இறைச்சி வெட்டும் கத்தியோடு வந்து, கண்ணாடிக் காப்பை உடைத்து, முதுகிலும் தோளிலும் பல இடங்களில் கிழித்தார். அதற்கு முந்தைய நாள் அந்தப் போராட்டத்தின் தலைவர் எம்மலின் பேங்க்ஹர்ஸ்ட் கைதானதற்கு எதிர்ப்பு என்று அப்போது சொன்னார், ஆறு மாதம் சிறைத்தண்டனை பெற்றார். பல ஆண்டுகள் கழித்து 1952இல் பேட்டி கொடுத்தபோது, ஆண்கள் நாளெல்லாம் அதன் முன் வாய்பிளந்து நின்ற விதம் பிடிக்கவில்லை என்றும் சொன்னார். ஓவியத்தைச் சிதைத்ததை என்னால் ஏற்க முடியாது. ஆனால் அவருடைய கேள்வி இந்தப் படத்துக்கு வெளியே இருந்து வந்த கேள்வி இல்லை. முதுகு பார்க்கப்படுகிறது, கண்ணாடியில் உள்ள முகம் பார்ப்பவரைத் திரும்பிப் பார்க்கிறது. இங்கே என்ன பார்க்கிறாய் என்ற கேள்வி படத்திலேயே இருக்கிறது. 2023 நவம்பரிலும் காலநிலைப் போராட்டக்காரர்கள் இருவர் இதன் காப்புக் கண்ணாடியைச் சுத்தியலால் அடித்தார்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது, கிளம்பும் முன் படம் அன்று சுவரில் இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். முதலில் நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று முதுகின் ஓரம் துணியோடு சேரும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே கோடு எதுவும் இல்லை, ஒரு நிறம் இன்னொன்றின் பக்கத்தில் வந்து நிற்கிறது. பிறகு நெருங்கிக் கண்ணாடி முகத்தைப் பாருங்கள், ஒரு கட்டத்தில் அது முகமாக இல்லாமல் வெறும் வண்ணப் பூச்சாகிவிடும். எந்தத் தூரத்தில் அப்படி ஆகிறது என்று முன்னும் பின்னும் நடந்து கண்டுபிடியுங்கள். இடக்கோடியில் க்யூபிட்டின் கால் பக்கம் முடிக்கப்படாததுபோல் இருக்கும் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். முதுகுக்கும் தோளுக்கும் அருகே பழுதுபார்த்த தடம் தெரிகிறதா என்று தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது, அங்கிருந்த பழுதுபார்ப்பவர்கள் அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். நேரம் மிச்சமிருந்தால் அதே காட்சியகத்தில் உள்ள வெலாஸ்கெஸின் மற்ற படங்களையும் பாருங்கள், குறிப்பாக நான்காம் பிலிப்பின் உருவப்படங்களை. அரசரின் சட்டையில் வெள்ளி வேலைப்பாட்டைத் தூரிகையால் எப்படித் தட்டித் தட்டி விட்டிருக்கிறார் என்று கண்டால், கண்ணாடி முகத்தை வரைந்த கையும் அதே கைதான் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.